மாசிடன் மலை, டேல்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு நாள்: நடக்க ஓரிடம், சாப்பிட ஓரிடம்

ஆஸ்திரேலியாவில் மெல்பர்னிலிருந்து கால்டர் ஃப்ரீவேயைப் பிடித்து வடமேற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் மாசிடன் மலை வந்துவிடும். அங்கிருந்து மேற்கே இன்னும் முக்கால் மணி ஓட்டினால் டேல்ஸ்ஃபோர்டு. நடுவில் வுட்எண்ட், டிரெந்தம் என்று சின்னச் சின்ன ஊர்கள், உருளைக்கிழங்கு வயல்கள், யூகலிப்டஸ் காடு, அணைந்துபோன எரிமலைகள். இந்தப் பகுதிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற காரியம் என்னவென்றால், காலை பத்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஹேங்கிங் ராக், மாசிடன் சிலுவை, டிரெந்தம் அருவி, டேல்ஸ்ஃபோர்டு ஏரி நான்கையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பது. நான்கிலும் கார் பார்க்கைத்தான் நன்றாகப் பார்ப்பார்கள்.

நான் சொல்கிற வழி இதுதான்: நடக்க ஓரிடம், சாப்பிட ஓரிடம், ஒரு நாளைக்கு அவ்வளவு போதும். இரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, பல சமயம் இருக்கவும் கூடாது. நல்ல நடைபாதை தொடங்கும் இடத்தில் உட்கார மேசை இருக்காது, நல்ல மேசை இருக்கும் இடத்தில் நடக்க ஐந்நூறு மீட்டர்கூட இருக்காது. இரண்டையும் பதினைந்து இருபது நிமிட கார் ஓட்டத்தில் ஜோடி சேர்த்துக்கொண்டால் நாள் நிதானமாகப் போகும். கீழே வருவதெல்லாம் அந்த ஜோடிகள்தான்.

முதலில் மாதம். ஏப்ரல் கடைசியில் மாசிடன் ஊரின் ஓக் மரச் சாலை சிவந்து நிற்கும், அதைப் படம் எடுக்க மெல்பர்னில் பாதிப் பேர் வந்து நிற்பார்கள். இலைதான் வேண்டும் என்றால் வார நாளில் வாருங்கள், இல்லாவிட்டால் சனிக்கிழமை எட்டு மணிக்கே வந்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மலை மேல் சில நாள் பனிகூட விழும், நகரத்தைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும், கீழே வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டர் இல்லாமல் ஏறாதீர்கள். அருவிகளுக்குக் குளிர்காலமும் வசந்தமும்தான், ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. பிப்ரவரியில் போய் டிரெந்தம் அருவியைப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. தப்பு அருவி மேல் இல்லை.

ஹேங்கிங் ராக்

சமவெளியில் திடீரென்று 105 மீட்டர் எழுந்து நிற்கிற எரிமலைப் பாறை. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் கெட்டியான எரிமலைக் குழம்பு ஒரு துவாரத்தின் வழியாகப் பிதுங்கி வந்து, ஓட முடியாமல் அங்கேயே குவிந்து ஆறியது. ஆறும்போது சுருங்கிப் பிளந்து தூண் தூணாக நிற்கிறது. இந்த மண்ணின் மக்கள் இதை ஙன்னெலாங் என்கிறார்கள், வுருந்ஜெரி, டாங்குரங், ஜா ஜா வுரங் என்று மூன்று இனத்தாருக்கும் முக்கியமான இடம்.

உச்சிக்குப் போய்த் திரும்ப 1.8 கிலோமீட்டர்தான், நிற்காமல் நடந்தால் ஐம்பது நிமிடம். ஆனால் யாரும் நிற்காமல் நடப்பதில்லை. கீழ்ப் பாதி நல்ல பாதை, படிக்கட்டும் உண்டு. மேலே போனதும் பாதை என்று ஒன்று இருப்பது குறைந்துவிடும், பாறைக்கும் பாறைக்கும் நடுவே சந்துகள்தான். ஒரு சந்தில் நுழைந்தால் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி பாறை, பக்கத்துச் சந்தில் பேசுகிறவர்களின் குரல் தெளிவாகக் கேட்கும், ஆள் எங்கே என்று தெரியாது. பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம், அதனாலேயே ஆறேழு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் கை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். விளிம்புகள் பலவற்றில் கம்பி வேலி கிடையாது. முழங்கால் வலிக்கிற பெரியவர்கள் அடிவாரத்தைச் சுற்றுகிற பாதையில் போகலாம், அதுவும் அழகுதான், மேலே இருக்கிற கூட்டமும் அங்கே இருக்காது. நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தால் மரக்கிளையில் கோலா தென்படலாம், தென்படாமலும் போகலாம்.

காருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, கேட் மூடும் நேரத்தை உள்ளே வரும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தாண்டு அன்றும் ஜனவரி 26 அன்றும் இங்கே குதிரைப் பந்தயம் நடக்கும், பாறை பார்க்க அந்த இரண்டு நாளும் வேண்டாம். மற்ற நாளில் காலையில் ஏறி, பதினொன்றரைக்குள் இறங்கிவிடுவது நல்லது. மதியம் பாறை சுடும், மேலே நிழலும் கம்மி.

சாப்பாட்டை இங்கேயே அவிழ்க்கலாம், புல்வெளி இருக்கிறது, மேசைகள் இருக்கின்றன. விடுமுறை நாளில் எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. காரை எடுத்துக்கொண்டு மலைப் பக்கம் போய்விடுவேன்.

மாசிடன் மலை

மேலே ஸ்டான்லி பார்க், டேஸ் பிக்னிக் கிரவுண்ட் என்று உட்கார நல்ல இடங்கள் உண்டு, உயரமான மரங்களின் நிழல், கோடையிலும் குளிர்ச்சி. டேஸ் பக்கமிருந்து சானடோரியம் ஏரிக்கு ஒரு சுற்றுப் பாதை போகிறது. சாப்பிட்டுவிட்டு வயிறு கனக்க நடக்க இதைவிட நல்ல பாதை கிடையாது, கிட்டத்தட்ட சமதளம், இரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஏரி என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள், குட்டைதான். காசநோயாளிகளுக்காக இங்கே நடந்த மருத்துவமனைக்குத் தண்ணீர் கொடுக்க 1899-ல் கட்டியது. மருத்துவமனை போய்விட்டது, குட்டை நிற்கிறது. காலைப் பனிமூட்டத்தில் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும்.

உச்சியில் 21 மீட்டர் உயரச் சிலுவை ஒன்று இருக்கிறது. முதல் உலகப்போரில் இறந்தவர்களின் நினைவாக 1935-ல் திறந்தது, பிறகு மின்னலிலும் 1983 சாம்பல் புதன் காட்டுத்தீயிலும் அடிபட்டு, இடித்து 1995-ல் திரும்பக் கட்டியது. கார் பார்க்கிலிருந்து கொஞ்ச தூரம்தான் நடை. தெளிவான நாளில் மெல்பர்ன் கட்டடங்களும் அப்பால் போர்ட் பிலிப் விரிகுடாவும் தெரியும். 1836-ல் மேஜர் மிட்செல் என்ற நில ஆய்வாளர் இங்கே ஏறி அந்தப் பிலிப் விரிகுடாவைப் பார்த்ததால்தான் மாசிடோனியா மன்னன் பிலிப்பின் நாட்டுப் பெயரை மலைக்கு வைத்தார். கெபூர் என்ற பழைய பெயர் அதற்கு முன்பே இருந்தது. மேகம் இறங்கியிருக்கிற நாளில் சிலுவையே முழுசாகத் தெரியாது, அன்றைக்கு மேலே போவது வீண்.

கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும் என்றால் கேமல்ஸ் ஹம்ப். இந்தத் தொடரில் உயரமான முனை, 1,011 மீட்டர், ஆனால் காரிலிருந்து ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்ப அரை மணி நேரம்தான். மேலிருந்து வடக்கே பார்த்தால் காலையில் ஏறிய ஹேங்கிங் ராக் சின்னதாகத் தெரியும்.

ஏப்ரல், மே மாதங்களில் பைன் தோப்புகளில் கூடையோடு காளான் பறிக்கிறவர்களைப் பார்க்கலாம். ஆசைப்பட்டு நீங்களும் பறிக்காதீர்கள். ஓக் மரத்தடியில் முளைக்கிற டெத் கேப் காளான் ஆளைக் கொல்லும், வேகவைத்தாலும் விஷம் போகாது, ஊரில் மழை விட்டதும் பறித்துக் குழம்பு வைத்த பழக்கம் இங்கே உதவாது.

டிரெந்தம்

இங்கே நடை இல்லை, பார்வைதான். ஒரே வீச்சில் 32 மீட்டர் விழுகிற அருவி, எதிரே தூண் தூணாக பசால்ட் பாறை. கார் பார்க்கிலிருந்து பார்வை மேடைக்குச் சில நிமிடம். அருவியின் அடிக்கு இறங்கும் பாதையை மூடிவிட்டார்கள், பாறை பெயர்ந்து விழுவதால். வேலியைத் தாண்டிப் போய்ப் படம் எடுக்கிறவர்கள் ஒவ்வொரு வாரமும் இருக்கிறார்கள், நீங்கள் அதில் சேர வேண்டாம். டிரெந்தம் ஊரில் டீ குடிக்கலாம், ரொட்டி வாங்கலாம். தனியாக இதற்கென்று வருவதைவிட, டேல்ஸ்ஃபோர்டு போகிற வழியில் அரை மணி இறங்கிப் பார்ப்பதுதான் சரி.

டேல்ஸ்ஃபோர்டு, ஹெப்பர்ன்: தண்ணீர் குடிக்கப் போகும் ஊர்

எனக்கு இந்தப் பக்கத்தில் மிகவும் பிடித்தது இதுதான். தரைக்குள்ளிருந்து குமிழி விடுகிற தண்ணீர், இயற்கையாகவே சோடா. பூமிக்கடியில் பழைய மணற்பாறை இடுக்குகளில் ஊறி வருகிற மழைநீரில் கரியமில வாயு கரைந்து, அது பாறையிலிருந்து இரும்பையும் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு மேலே வருகிறது. விக்டோரியா மாநிலத்தில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட ஊற்றுகள், அவற்றில் பெரும் பங்கு இந்த வட்டாரத்தில். தங்கம் தோண்டியவர்கள் இவற்றையும் சேர்த்துத் தோண்டித் தள்ளப் பார்த்தபோது, இங்கே குடியேறியிருந்த சுவிஸ், இத்தாலியக் குடும்பங்கள் சேர்ந்து தடுத்தார்கள், 1865-ல் டேல்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்து ஊரான ஹெப்பர்னின் ஊற்றுப் பகுதியைக் காப்பு நிலமாக ஒதுக்கினார்கள்.

ஊற்று என்றதும் சுனை மாதிரி எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஒரு கல் மேடை, அதில் கைப்பம்பு அல்லது குழாய், அதன் கீழே துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சு நிறக் கறை. பம்பை ஏழெட்டுத் தடவை அடித்தால் முதலில் காற்றும் தண்ணீருமாகத் துப்பும், அப்புறம் சீராக வரும். முதல் டம்ளரைக் கொட்டிவிட்டு இரண்டாவதைக் குடியுங்கள். நாக்கில் சுருக்கென்று குத்தும், பின்னாலேயே இரும்புச் சுவை, பழைய ஐந்து பைசா நாணயத்தை வாயில் போட்டது போல. பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள், அப்புறம் இன்னொரு குழாயைத் தேடி ஓடுவார்கள். ஒவ்வொரு ஊற்றுக்கும் ருசி வேறு: ஹெப்பர்ன் காப்பு நிலத்தில் மட்டும் லொகார்னோ, சோடா, சல்ஃபர், வயூனா என்று நடந்துபோகிற தூரத்திலேயே இருக்கின்றன. சல்ஃபரின் வாசனை எட்டத்திலேயே தெரியும். ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுக் குடித்துப் பார்ப்பதே ஒரு மணி நேர வேலை. குழாயில் எச்சரிக்கைப் பலகை மாட்டியிருந்தால் மட்டும் அதை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் காலி பாட்டில்களோடு வருவார்கள். நீங்களும் நிரப்பலாம், ஆனால் மறுநாளே வாயு போய், இரும்பு அடியில் செம்மண் மாதிரி படிந்துவிடும். இந்தத் தண்ணீரில் டீ போட்டால் டிகாக்‌ஷன் கருநீலமாகிப் பார்க்கவே பயமாக இருக்கும். தேயிலையில் உள்ள டானினும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது, விஷமில்லை. எலுமிச்சை, உப்பு, சர்க்கரை போட்டு அங்கேயே கலந்து குடியுங்கள், கடைச் சோடாவை மறந்துவிடுவீர்கள்.

நடைக்கு இரண்டு வழி. குழந்தை வண்டி, பெரியவர்கள் என்று வந்திருந்தால் டேல்ஸ்ஃபோர்டு ஏரிக்கரை. ஏரியைச் சுற்றி நிதானமாக நடந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம், ஆனால் முழுச் சுற்றும் தார் போட்டது இல்லை, சில இடம் குறுகலும் மேடு பள்ளமும்தான், வண்டி தள்ளுகிறவர்கள் ஊர்ப் பக்கத்துக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1851-ல் தங்கம் அகப்பட்ட இடமே இந்தப் பள்ளம், பிறகு சீனர்கள் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார்கள், 1929-ல் அணை கட்டி மூழ்கடித்தார்கள். அணைக்குக் கீழேயே சென்ட்ரல் ஸ்பிரிங்ஸ், அங்கேயும் பம்புகள் உண்டு. வாத்துக்கு ரொட்டி போடாதீர்கள், அதற்கும் நல்லதில்லை, தண்ணீருக்கும் நல்லதில்லை.

கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு டிப்பரரி டிராக். ஏரியிலிருந்து ஓடையை ஒட்டி, காட்டுக்குள் ஹெப்பர்ன் ஊற்று வரை 16 கிலோமீட்டர். பலாராட் பக்கத்து பனின்யாங் மலையிலிருந்து பெண்டிகோ வரை போகிற 210 கிலோமீட்டர் கோல்ட்ஃபீல்ட்ஸ் டிராக்கும் இந்த வழியாகத்தான் போகிறது. முழுசாக நடக்க ஐந்து, ஆறு மணி நேரம், இரண்டு கார் இருந்தால் ஒன்றை ஹெப்பர்னில் விட்டுவிட்டு இங்கிருந்து நடக்கலாம். முதல் தடவை என்றால் ஹெப்பர்ன் முனையிலிருந்து தொடங்கி பிரேக்நெக் கார்ஜ் பக்கம் போய்த் திரும்புங்கள், அல்லது ப்ளோஹோல் வரை காரில் போய் இறங்கிக்கொள்ளுங்கள். ப்ளோஹோல் என்பது ஓடையின் வளைவில் தங்கம் எடுப்பதற்காக, 1870-களில் மலையைக் குடைந்து தண்ணீரை மறுபக்கம் திருப்பிய சுரங்கம். குளிர்காலத்தில் அதிலிருந்து தண்ணீர் பீறிட்டு விழும், மார்ச்சில் வெறும் ஓட்டைதான்.

இந்தக் காட்டில் ஒரே ஒரு கட்டளை: பாதையை விட்டு விலகாதீர்கள். பழைய தங்கச் சுரங்கக் குழிகள் எங்கெங்கோ இருக்கின்றன, சிலவற்றை மூடவே இல்லை, புல் மறைத்திருக்கும். ஒதுங்கப் போகிறேன் என்று இருபது மீட்டர் உள்ளே போவதும் விலகுவதுதான்.

நடந்து முடித்ததும் சாப்பிட எங்கே? ஹெப்பர்ன் ஊற்றுத் திடலே நல்ல இடம், நிழலும் உண்டு, குடிக்கத் தண்ணீரும் பக்கத்தில். கூட்டமாக இருந்தால் வடக்கே பத்து கிலோமீட்டர் ஓட்டி மவுண்ட் ஃபிராங்க்ளின் போங்கள். லல்கம்புக் என்பது அதன் பழைய பெயர், ஜா ஜா வுரங் மக்களுக்கு வேண்டிய இடம். எரிமலையின் வாய்க்குள்ளேயே கார் இறங்கும், சுற்றிலும் வட்டமாகக் கரை, நடுவில் புல்லும் பெரிய மரங்களும். கிரிக்கெட் மட்டை எடுத்துப் போனால் பந்து தொலையாது, சரிவில் உருண்டு திரும்பிவிடும்.

சாப்பாடும் அடுப்பும்

பொது இடங்களில் பொத்தானை அழுத்தினால் சூடாகிற மின்சாரத் தட்டு அடுப்புகள் பல இடத்தில் இலவசம். சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், திரும்ப அழுத்த வேண்டும், அதனால் ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்கட்டும். மசாலா தடவிய கோழியை நேராகப் போட்டால் மசாலா கருகி, உள்ளே வேகாது. மெல்லிசாக நறுக்கி ஃபாயில் தட்டில் போடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் தட்டின் மேல் பேக்கிங் பேப்பர் விரித்துக்கொண்டால், முன்னால் வந்தவர்கள் வாட்டிய சாசேஜ் எண்ணெயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முடித்ததும் துடைத்துவிட்டுப் போவது இங்கே மரியாதை. நாலு குடும்பம் சேர்ந்து போய் அடுப்பை இரண்டு மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள், வரிசையில் நிற்கிறவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் நிற்பார்கள்.

என்னைக் கேட்டால் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும். தயிர் சாதத்தையும் முட்டையையும் கோடையில் எஸ்கியில், அதாவது குளிர்ப்பெட்டியில், ஐஸ் போட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை ஐரோப்பியக் குளவி மொய்க்கும், கோழிக்கும் இனிப்புப் பானத்துக்கும் ஓடி வரும், திறந்த கோக் டின்னுக்குள் போய் உட்கார்ந்திருப்பது வெளியே தெரியாது. மூடியுள்ள பாட்டிலில் குடியுங்கள், பிள்ளைகளுக்கு டின் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கூக்கபரா கையிலிருக்கும் இறைச்சியைப் பறந்து வந்து கொத்திக்கொண்டு போகும், அதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம்.

குப்பைத் தொட்டி பல இடத்தில் கிடையாது, இரண்டு பை எடுத்துப் போய் எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டு வாருங்கள். காட்டுக் கழிப்பறைகளில் பெரும்பாலும் குழாய் இருக்காது. ஒரு லிட்டர் பாட்டிலும், காகிதமும், சானிடைசரும் காரிலேயே இருக்கட்டும், மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

தீ, பாம்பு, சிக்னல்

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, கிளம்புவதற்கு முந்தின இரவும் அன்று காலையும் மாநில அவசரகால எச்சரிக்கைகளைத் தரும் விக்எமர்ஜென்சி ஆப்பைப் பாருங்கள். தீ அபாயம் மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ரோஃபிக் என்று நான்கு படி. எக்ஸ்ட்ரீம் போட்டாலே நான் இந்தக் காட்டுப் பக்கம் போக மாட்டேன், கடற்கரைக்குப் போய்விடுவேன். கேட்டஸ்ட்ரோஃபிக் அன்று பூங்காக்களையே மூடிவிடுவார்கள். டோட்டல் ஃபயர் பான் (முழுத் தீத் தடை) அறிவித்திருந்தால் விறகு, கரி எதையும் மூட்டக்கூடாது, பெரிய அபராதம், சிறைகூட உண்டு. அன்றைக்குப் புளியோதரைக்காரன் கவலையில்லாமல் சாப்பிடுவான். காற்று பலமாக அடிக்கிற நாளும் இங்கே ஆகாது. 2021 ஜூன் புயலில், டிரெந்தம், டேல்ஸ்ஃபோர்டு பக்கத்து வோம்பட் காட்டில் சாய்ந்த மரங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

வெயில் காலத்தில் செருப்போடு காட்டுப் பாதையில் நடக்காதீர்கள், ஷூவும் நீளமான கால்சட்டையும் போடுங்கள். டைகர் ஸ்னேக், பிரவுன் ஸ்னேக் இரண்டும் இந்தப் பக்கம் உண்டு. பாம்பைப் பார்த்தால் நின்று, பின்வாங்கி, வழி விடுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, கழுவுவது எதுவும் கூடாது. அகலமான எலாஸ்டிக் பேண்டேஜைக் கடிவாயின் மேல் தொடங்கி அந்தக் கை அல்லது கால் முழுக்க இறுக்கமாகச் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் அவசர எண் 000-வை அழையுங்கள். இரண்டு பேண்டேஜ் பையில் இல்லாமல் டிப்பரரி டிராக்கில் இறங்காதீர்கள். பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் போய்விடும், வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்து, எந்த வழியில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இருட்டுவதற்குள் ஃப்ரீவேக்கு வந்துவிடுவது நல்லது. அந்தி நேரத்தில் டிரெந்தம் சாலையில் கங்காரு குறுக்கே பாயும், ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள், ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பாதீர்கள், மரத்தில்தான் போய் நிற்கும்.

கார் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. மெல்பர்னின் சதர்ன் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து பெண்டிகோ ரயிலில் ஏறினால் மாசிடனிலும் வுட்எண்டிலும் இறங்கலாம், வுட்எண்டிலிருந்து டேல்ஸ்ஃபோர்டுக்கு வி/லைன் பஸ் போகிறது. பஸ் குறைவு, திரும்பி வரும் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் நடையைத் திட்டமிடுங்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு ஹேங்கிங் ராக் சரிப்படாது, வுட்எண்ட் ஸ்டேஷனிலிருந்து தூரம் அதிகம், டாக்சிதான் பிடிக்க வேண்டும். டேல்ஸ்ஃபோர்டு ஏரியும் அதன் ஊற்றுகளும் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான்.